ஹெட்போனில் பேஸ் கிட்டார் சரியாகக் கேட்கவில்லையா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்களுடையது லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. பேஸ் கிட்டார் வாங்கிய புதிதில் 15 வாட் ஆம்பைத் தரையில் வைத்து, வால்யூமைப் பாதிகூடத் திருகாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். "இன்னா தம்பி, நீ அங்க வாசிச்சா இங்க என் ஷெல்ஃபுல சொம்பு தானா நகருது."

அவர் சொன்னதில் மிகை இல்லை. நான்கு கம்பி பேஸில் ஆகத் தாழ்ந்த ஒலி தரும் ஈ (E) கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 27 அடி. அறையைவிடப் பெரிய அலையை ஒற்றைக்கல் சுவரா தடுக்கும்? அன்றிலிருந்து ஹெட்போன்தான்.

இதுவரை மூன்று வாங்கியிருக்கிறேன். முதல் இரண்டையும் 'சரியில்லை' என்று தூக்கிப் போட்டது என் தப்பு என்று பிற்பாடுதான் புரிந்தது. ஒன்றில் ஒயர் நுனியில் உள்ள பின் பொருந்தவில்லை. இன்னொன்றில் குற்றவாளி என் மூக்குக்கண்ணாடி. அதனால்தான் குறையை வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. ஹெட்போனைக் கழற்றிப் போனில் செருகி, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். பிறகு வேறு யாருடைய ஹெட்போனையாவது வாங்கி உங்கள் ஆம்பில் செருகிப் பாருங்கள். குறை ஹெட்போனோடு போகிறதா, ஆம்போடு தங்கிவிடுகிறதா? இரண்டு நிமிட வேலை, சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

சத்தமே வரவில்லை, வந்தாலும் கொசு அளவுதான்

கிட்டாரின் ஜாக்கில் கன்வெர்ட்டர் போட்டு ஹெட்போனை நேராகச் செருகியிருப்பீர்கள். நானும் செய்தேன். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள். அதன் மின்தடை பல ஆயிரம் ஓம், ஹெட்போனுடையது 30, 40 ஓம்தான். அந்தச் சுருளால் இந்த ஹெட்போனை ஓட்ட முடியாது. நடுவில் ஒரு ஹெட்போன் ஆம்ப் வேண்டும். கிட்டாரிலேயே செருகும் சின்ன வகை (வாக்ஸ் ஆம்ப்ப்ளக், ஃபெண்டர் முஸ்டாங் மைக்ரோ மாதிரி), ஹெட்போன் ஜாக் உள்ள சாதாரண ஆம்ப், இல்லை கம்ப்யூட்டரோடு சேரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மூன்றில் எது இருந்தாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஆம்பின் பின்பக்கம் 'ஸ்பீக்கர்' என்று போட்டிருக்கும் ஜாக்கில் ஹெட்போனைச் செருகாதீர்கள். பின் அளவு பொருந்தும், ஆனால் ஹெட்போன் கருகிவிடும், காதும் பத்திரமில்லை.

ஆம்ப் இருந்தும் சத்தம் குறைவு என்றால் ஹெட்போனின் ஓம் எண்ணைப் பாருங்கள். பேயர்டைனமிக் டி.டி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. தள்ளுபடி விலை என்று 250 ஓமை வாங்கிவந்து, இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும் ஆம்பில் செருகினால் அது முனகத்தான் செய்யும். அந்த மாதிரி ஆம்புக்கு 30 முதல் 80 ஓம் வரை சரி.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

பின்னைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத்தில் கறுப்பு வளையங்கள் இருக்கும். ஒரு வளையம் என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ, மூன்று என்றால் மைக்கோடு வரும் போன் ஹெட்செட். 3.5 மி.மீ. பின்னை 6.35 மி.மீ. ஜாக்கில் செருகக் கன்வெர்ட்டர் போடுகிறோம் அல்லவா, அதிலும் வளையங்களை எண்ணுங்கள். ஆம்பின் ஹெட்போன் ஜாக் ஸ்டீரியோ என்றால் கன்வெர்ட்டரிலும் இரண்டு வளையம் இருக்க வேண்டும். ஒற்றை வளையக் கன்வெர்ட்டர் போட்டால் வலது காதுக்கு வரும் சிக்னல் எர்த்தோடு ஷார்ட் ஆகிவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு வகையும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், எண்ணிப் பார்த்தே எடுங்கள்.

கன்வெர்ட்டர் சரியாக இருந்து, பின்னைப் பிடித்து ஆட்டும்போது மற்ற காது வந்து வந்து போனால் லூஸ் கான்டாக்ட். ஒயர் பின்னுக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருக்கும். புதுப் பின் வைத்து சால்டர் செய்தால் வேலை முடிந்தது.

போனில் பாட்டைப் போட்டால் பாடகர் காணாமல் போகிறார், பேஸும் கூடவே

விசித்திரமான குறை, ஆனால் அடிக்கடி வருவது. பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று போடுவீர்கள். எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் கேட்கும், பாட்டின் நடு மட்டும் பள்ளமாக இருக்கும். என் முதல் ஹெட்போனைத் தூக்கிப் போட வைத்தது இதுதான். அது மூன்று வளையப் பின்.

மைக் உள்ள பின்னை மைக் இல்லாத ஜாக்கில் செருகும்போது சில சமயம் எர்த் முனை சரியாகத் தொடாது. அப்போது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகர் குரலும் பேஸும் வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாக இருப்பவை, எனவே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒயரில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பாட்டு சட்டென்று முழுதாகிறதா? அப்படியென்றால் நோய் இதுதான். பின்னை ஒரு மயிரிழை வெளியே இழுத்தாலும் சரியாகலாம். நிரந்தரத் தீர்வு, மைக் இல்லாத ஒயர்.

ஈ கம்பி கேட்கவில்லை, விரல் படும் டிக் டிக் மட்டும் கேட்கிறது

பேஸ் வாசிப்பவர்களின் தலையாய புலம்பல் இது. இங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டுப் புது ஹெட்போன் வாங்குகிறார்கள்.

முதலில் இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்போனைக் காதோடு லேசாக அழுத்திக்கொண்டு, வேறு யாரையாவது ஈ கம்பியைத் தட்டச் சொல்லுங்கள். பேஸ் திடீரென்று பெருகினால் ஹெட்போனில் கோளாறு இல்லை, காற்று கசிகிறது. காதைச் சுற்றி மெத்தை முழுதாக மூடினால்தான் தாழ்ந்த ஒலி உள்ளே நிற்கும். மயிரிழை இடைவெளி போதும், 41 ஹெர்ட்ஸ் கிளம்பிப் போய்விடும். மேல் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் டிக் டிக் மட்டும் மிஞ்சுகிறது.

கசிவு எங்கே? எனக்கு மூக்குக்கண்ணாடியின் காது. தடித்த ஃப்ரேம், மெத்தைக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே ஒரு சின்னக் குகை மாதிரி வழி விட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றியதும் பேஸ் வந்தது, தாளில் உள்ள நோட்ஸ் போயிற்று! கடைசியில் மெல்லிய கம்பி ஃப்ரேம் மாற்றினேன். சிலருக்கு முடி, சிலருக்குப் பெரிய காதணி.

அடுத்து மெத்தையைப் பாருங்கள். வாசித்து முடித்துக் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது கன்னத்தில் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கிறதா? ரெக்ஸின் மாதிரியான அந்த மேல்தோல் நம் ஊர் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் பொரிந்து உதிரும். உரிந்த மெத்தை மூடாது. மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும், ஹெட்போனை மாற்றத் தேவையில்லை. வியர்வைக்குப் பயந்து மெத்தை மேல் கர்ச்சீப் கட்டுவதும் இதே கசிவில்தான் கொண்டுபோய் விடும்.

காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் ரப்பர் நுனியின் அளவை மாற்றிப் பாருங்கள். வாய் திறந்து மூடும்போது பேஸ் வந்து போனால் நுனி சின்னது.

மூன்றாவது காரணம் நம் ஏரியாவுக்கே உரியது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும்போது அந்த எஞ்சின் உறுமல் இருக்கிறதே, அது நம் ஈ, ஏ கம்பிகள் குடியிருக்கும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. பின்பக்கம் மூடிய ஹெட்போன் பக்கத்து அறை டிவியைத் தடுக்கும், லாரி உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. லாரி நகரும் நேரத்தில் ஈ கம்பி மங்கினால் யார் மேலும் குற்றமில்லை. நான் பெரிய பயிற்சியை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

இதெல்லாம் பார்த்தும் போதவில்லை என்றால் உங்கள் ஹெட்போன் பின்பக்கம் திறந்த வகையா என்று பாருங்கள், வலைபோல ஓட்டை தெரியும். பாட்டு கேட்க அருமையானது. ஆனால் அதில் பல மாடல்கள் கீழே போகப்போக மெலிந்துவிடும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் சத்தம் போகும். வீட்டில் சத்தமில்லாமல் பேஸ் பழக மூடிய வகைதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இன்னொன்று. சத்தம் குறைவாக வைத்தால் மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி மற்றதைவிட அதிகமாகக் குறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். எனவே ராத்திரி மெதுவாக வாசிக்கும்போது ஈ கம்பி கொஞ்சம் பின்வாங்குவது இயல்பு.

எல்லாமே கும்மென்று ஒரே மூட்டமாக இருக்கிறது

இது எதிர்ப்பக்கக் குறை. அட்டைப் பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறதா? அது பஸ்ஸில் பாட்டு கேட்கச் செய்தது. பேஸ் வாசிப்பவருக்கு அதில் ஒரு ஆபத்து உண்டு: தப்பு தெரியாது. விரலை எடுக்க மறந்த கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு நோட்டு ஒன்றின் மேல் ஒன்று விழும், எல்லாவற்றையும் அந்தக் கும் மூடிவிடும். ஆறு மாதம் அப்படிப் பழகிவிட்டு, சர்ச்சில் கொயர் பையன்களோடு முதல் தடவை பெரிய ஸ்பீக்கரில் வாசித்த அன்று என் இடதுகை எவ்வளவு சோம்பேறி என்று ஊருக்கே தெரிந்தது.

ஆம்பில் பேஸ் திருகியை நடுவுக்குக் கொண்டுவந்து, 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள். ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. அப்படியும் தெளியவில்லை என்றால் ஸ்டூடியோக்களில் பயன்படுத்தும் சமநிலையான ஹெட்போனுக்குப் போவதுதான் வழி.

கம்பியைத் தட்டிய பிறகு சத்தம் வருகிறது

ப்ளூடூத். வேறு ஆராய்ச்சி வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் 200 மில்லி வினாடியை ஒட்டி இருக்கும். ஒலி அந்த நேரத்தில் காற்றில் 70 மீட்டர் போய்விடும். ஆம்பைத் தெருமுனை டீக்கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போலத்தான். பாட்டு கேட்கும்போது இது தெரியாது, வாசிக்கும்போது 10 மில்லி வினாடியைத் தாண்டினாலே விரல் தடுமாற ஆரம்பிக்கும். பாட்டை ப்ளூடூத்தில் ஆம்புக்கு அனுப்பலாம், அதில் தவறில்லை. ஆம்பிலிருந்து காதுக்கு ஒயர்தான். ஒயர் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்குத் தனி ரேடியோ இணைப்போடு பாஸ் (Boss) நிறுவனத்தின் வாசா-ஏர் பேஸ் என்ற ஹெட்போன் இருக்கிறது, விலை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஒயர் போட்டும் தாமதம் என்றால் கம்ப்யூட்டர் வழியாக வாசிக்கிறீர்கள். மென்பொருளில் பஃபர் அளவை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128-க்கு இறக்குங்கள். ஒலி இரட்டையாக, தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல இருந்தால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரும் (கம்ப்யூட்டருக்குள் போகாமல் ஒலியை நேராகக் காதுக்கு விடும் வசதி) ஓடுகிறது, மென்பொருள் வழியாகவும் வருகிறது. ஒன்றை அணையுங்கள்.

ஙொய்ங் என்று விடாமல் ஒரு சத்தம்

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே ஆம்பில் உள்ள ட்யூனர் ஜி என்று கொஞ்சம் ஏறுமுகமாகக் காட்டினால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மின்வாரியத்தின் வாசிப்பு.

கம்பியைத் தொடுங்கள். அந்த ஙொய்ங், அதாவது ஹம், குறைந்தால் கிட்டாரின் எர்த் ஒயர் சரி, சத்தம் வெளியிலிருந்து பிக்கப்புக்கு வருகிறது. கிட்டாரை மடியில் வைத்தபடி மெதுவாகத் திரும்புங்கள், ஒரு திசையில் ஹம் அடங்கும். இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு வால்யூமையும் முழுதாக வையுங்கள், ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

பிறகு அறையைப் பாருங்கள். வழுக்கியபடி சுற்றும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பெரிய எதிரி. பாதி வேகத்தில்தான் அதிகம் கத்தும், ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அடங்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கர்ர் என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், ஃபேனே முனகும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் சார்ஜர்.

கம்பியைத் தொட்டால் சுர்ரென்று எர்த் அடிக்கிறதா? உடனே நிறுத்துங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை ஒடிக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

கரகர, பட்பட்

ஓங்கித் தட்டும்போது மட்டும் என்றால் ஆம்பின் கெய்னைக் குறையுங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கலாம். ஒயரைச் செருகிய படியே விட்டால் வாசிக்காவிட்டாலும் அது தீரும். திருகியைத் திருகும்போது மட்டும் என்றால் அழுக்கு, இருபது தடவை முன்னும் பின்னும் சுற்றுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஜாக்கில் படியும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனரைப் பின்னில் தடவி நாலு தடவை செருகி எடுங்கள்.

காது சுடுகிறது, வாசித்த பிறகு கொய்ங்கென்கிறது

சுடுவதற்கு வெல்வெட் மாதிரித் துணி மெத்தை கொஞ்சம் உதவும். மே மாதத்தில் எதுவும் உதவாது, அரை மணிக்கு ஒருமுறை கழற்றுங்கள்.

கொய்ங் வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். ஈ கம்பி கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதுதான் இந்தக் குறையின் வேர், ஆகவே மேலே உள்ள கசிவுச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். கொய்ங் மறுநாளும் நீடித்தால் காது டாக்டர்.

ஹெட்போன் போட்டும் பக்கத்து வீட்டில் கேட்கிறதாம்

உங்கள் கால்தான். தாளம் தட்டும் குதிகால் தரை வழியாகப் போகும். மடித்த பாயை அடியில் போடுங்கள்.

சரி, வாங்கியே ஆக வேண்டும் என்றால்

மூடிய வகை, காதை முழுதும் சுற்றும் மெத்தை, ஒயர், 30 முதல் 80 ஓம். நான் போட்டு வாசித்துப் பார்த்தவை சோனி எம்.டி.ஆர்-7506 (63 ஓம், சுருள் ஒயர்), ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் (35 ஓம்), பேயர்டைனமிக் டி.டி 770 ப்ரோ 80 ஓம். சோனியில் பேஸ் மெலிவு என்பார்கள், எனக்கு விரல் தப்பு பளிச்சென்று கேட்பதால் அதையே வைத்திருக்கிறேன். ஒயர் கழலும் வகையா என்றும் பாருங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது முக்கியம்.

கடைக்குப் போகும்போது கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு போங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து 100 ஹெர்ட்ஸிலிருந்து 40 வரை மெதுவாக இறக்குங்கள். நடுவில் ஓரிடத்தில் குபுக்கென்று ஏறவும் கூடாது, 50-க்குக் கீழே மறையவும் கூடாது. கடைக்காரர் "பேஸ் சும்மா அள்ளும் சார்" என்று ஒரு குத்துப்பாட்டைப் போடுவார். கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுபடி 41-க்கு வாருங்கள்.